திங்கட்கிழமை வராத இரண்டாம் கியர்

என் காருக்கு நோய் வந்த பிறகுதான் படுவான்கரையில் இத்தனை வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது. வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் பக்கத்தில் பல் பிடுங்க ஆள் தேடினால் கிடைக்காது. ஓட்டோ கியர் காருக்கு என்ன வருத்தம் என்று சொல்ல மட்டும் சந்திக்குச் சந்தி ஆள் உண்டு. அவர்களில் பெரும்பாலானோரிடம் கார் இல்லை. அது அவர்களுடைய தன்னம்பிக்கையைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

நான் விவசாயப் போதனாசிரியை. வவுணதீவைச் சுற்றியுள்ள வயல் வட்டைகளுக்குப் போய், வயற்காரரிடம் யூரியாவைக் கண்டபடி கொட்டாதீர்கள் என்று சொல்வது என் உத்தியோகம். எல்லாரும் மிகுந்த மரியாதையோடு "ஓம் மிஸ்" என்பார்கள். என் கார் வளைவு திரும்பியதும் உரப்பையைப் பிரிப்பார்கள். ஆகவே, சொல்வதைக் கேட்காதவர்களைப் பற்றி எனக்கு அனுபவம் நிறைய உண்டு. கேட்காமலே சொல்ல வருகிறவர்களைப் பற்றிய அனுபவத்தை இந்தக் கார்தான் தந்தது.

கார் பெரிய கார் ஒன்றுமில்லை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, பிறகு கொழும்பில் யாரோ ஓட்டிக் களைத்து, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்த சின்னக் கார். அதற்கு இரண்டு மிதிகள்தான். ஒன்று போக, மற்றது நிற்க. கிளச் கிடையாது. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக். கிளச்சை அளந்து மிதித்து அளந்து விடும் சூட்சுமம் அந்தக் காலுக்குத் தெரியாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரை மட்டும்தான் என்னால் ஓட்ட முடியும். அப்படி இன்னொன்றை வாங்குவது என் சம்பளத்துக்கு ஆகாத கதை. இந்தக் கார் போனால் நான் மறுபடியும் அண்ணனுடைய மோட்டர் சைக்கிளின் பின்சீட்டில்.

நோய் சித்திரை கழிந்து சில வாரங்களில் தொடங்கியது. கார் நல்ல பிள்ளையாக முதலாம் கியரில் புறப்படும். வேகம் கூடும்போது இரண்டாம் கியர் விழ வேண்டும். விழாது. இயந்திரம் கத்தும், கத்தும், ஊரே திரும்பிப் பார்க்கும் வரை கத்தும். பிறகு இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டு நேரே நாலாம் கியருக்குத் தாவும். தாவியதும் மூச்சு வாங்கும். பாலத்து ஏற்றத்தில் சைக்கிள்காரர்கள் என்னை முந்திப் போகும்போது ஆறுதலாகச் சிரித்துவிட்டுப் போவார்கள். முன்பலகையில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு மின்னும்.

இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், திங்கட்கிழமைதான் வருத்தம் கடுமை. செவ்வாய், புதன் என்று குறைந்து வந்து, வெள்ளிக்கிழமை எல்லாக் கியரும் ஒழுங்காக விழும். மறுபடியும் திங்கள் வந்தால் பழையபடி கத்தும். எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் இது நல்ல பகிடியாகிவிட்டது. அரசாங்க உத்தியோகத்தரின் கார் திங்கட்கிழமை வேலைக்கு வர மறுப்பதில் என்ன அதிசயம் என்றார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பேசாமல் யோசித்திருந்தால் அன்றைக்கே பாதி விஷயம் பிடிபட்டிருக்கும்.

பக்கத்து வீட்டம்மா நாவூறு என்றார். பொம்பிளை தனியாகக் கார் ஓட்டினால் ஊர்க்கண் படாதா, பூசணிக்காய் ஒன்று வெட்டிப் போடு என்றார். கண் பட்டதென்றால் ஏன் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் மட்டும் பட்டது, முதலாம் கியர் அழகில் குறைந்ததா என்று கேட்டேன். என்னோடு கதைக்க ஏலாது என்று போய்விட்டார். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பெற்றோலில் பிழை என்றார். இன்னொருவர் ரயரில் காற்றுக் குறைவு என்றார். அண்ணன் ஒரு நாள் உழவு மெசினுக்கு ஊற்றும் கியர் ஒயில் கலனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இத ஊத்தினா நல்லா இழுக்கும் புள்ள. என்ட மெசின் சேத்துக்குள்ள எப்படி இழுக்குது எண்டு நீ பாத்திருக்காய்தானே?"

"அண்ணன், அது உழவு மெசின். இதுக்கு ஊத்தினா இது சேத்துக்குள்ளதான் போகும்."

கார்ச் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத்தான் அன்று குளிக்கப் போனேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வளவில் மச்சாளோடு இருக்கிறார். வெள்ளாமைதான் தொழில். நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவர் என்றால் ஒரு சத்தம் போட்டு விலக்கிவிடலாம். நல்லவர்கள் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நிற்பார்கள், என்ன சொல்லித் துரத்துவது?

முதலில் டவுனில் உள்ள பெரிய கராஜுக்குப் போனோம். 'போனோம்' என்பது அண்ணனும் மோட்டர் சைக்கிளில் பின்னால் வந்ததால். நான் ஓட்டும்போது என் காரில் அவர் ஏறமாட்டார். வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவையும் ஏறியதில்லை. கராஜில் பெரிய பாஸ் என்று எல்லாரும் கூப்பிடும் தலைமை மெக்கானிக் ஒருவர் இருந்தார். நான் வருத்தத்தைச் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார். கார் என்னுடையது, சாவி என் கையில், கேள்வி கேட்டதும் நான், பதில் மட்டும் அண்ணனுக்குப் போனது. காரின் பிழையை வாசிக்கும் ஸ்கேனரைக் கொழுவினார். திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் வந்தன. என்னவென்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பொத்தானை அமத்தினார்.

"அழிச்சிற்றன். இனி வராது," என்றார் அண்ணனிடம்.

காய்ச்சல்காரனின் உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் வெப்பமானியை உதறி வைத்துவிட்டுச் சுகம் என்று சொன்ன மாதிரி இருந்தது. அது வெள்ளிக்கிழமை. கார் அன்று நன்றாகத்தான் ஓடியது. அண்ணன் பாஸைப் புகழ்ந்துகொண்டே வந்தார். திங்கட்கிழமை காலையில் விளக்கு மறுபடியும் மின்னியது.

இரண்டாம் தடவை போனபோது பாஸ் ஸ்கேனரைத் தொடவே இல்லை. காருக்கு வெளியே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இயந்திரம் கத்துவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தீர்ப்பு வந்தது.

"கியர்பொக்ஸ் முடிஞ்சு. கழட்டி எறிஞ்சு போட்டு ரீகண்டிஷன் ஒண்டு போடவேணும்."

"திறந்து பாக்காம எப்படிப் பாஸ் தெரியும்?" என்றேன்.

"அனுபவம்," என்றார் அண்ணனிடம்.

ரீகண்டிஷன் கியர்பொக்ஸுக்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், காரே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து முற்றத்திலேயே சொல்லிவிட்டார்.

"வித்துப் போடு தங்கச்சி. ஓட்டோ கியர் எண்டாலே கரைச்சல். ஓட்டமாவடியில ஒரு தம்பி பழுதான வாகனம் வாங்குறார். நான் கதைச்சிற்றன். நான் இருக்கன்தானே, எங்க போறதெண்டாலும் கூட்டிக்கொண்டு போவன்."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கவனித்தேன். மறைக்கத்தான் பார்த்தார், சரிவரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் களைத்தும் போயிருந்தேன். நாளெல்லாம் கத்துகிற காரோடு வட்டை வட்டையாகத் திரிந்தவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அடுத்த திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா லீவு, அதற்குள் சரிவராவிட்டால் அன்று பின்னேரம் அந்தத் தம்பியை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூடுவதற்குள் அண்ணன் ஓட்டமாவடிக்குக் கோல் எடுத்துவிட்டார்.

அவருடைய மோட்டர் சைக்கிளின் பின்சீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கால் போன பிறகு பல வருடம் அதில்தான் இருந்தேன். கந்தோருக்கு ஏற்றிப் போவார். கூட்டம் என்றால் வாசலில் காத்திருப்பார். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார். சிநேகிதிகளோடு இரண்டு கதை கூடக் கதைக்க முடியாது. அந்தக் கால் போனதும் அதே மாதிரி ஒரு மோட்டர் சைக்கிளில்தான். அண்ணன் ஓட்டினார், நான் பின்னால் இருந்தேன், லொறி ஒன்று வந்தது. அவருக்குத் தோளில் ஒரு தையலோடு போனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருப்பதற்காகத்தான் அவர் ஓடி ஓடி எல்லாம் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு கார் வந்தது. முதல் முறை தனியாகப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய், ஒரு ஐஸ்கிறீம் குடித்துவிட்டு, யாரும் காத்திருக்காத வாசல் வழியாக வெளியே வந்தேன். அந்த ஐஸ்கிறீமின் ருசியை வித்துப் போடு என்கிறார்கள்.

அந்தக் கிழமை எனக்குக் கோபம் நல்ல உதவி செய்தது. சிறிய ஸ்கேனர் ஒன்று கந்தோரில் வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில் இருந்தது. வாங்கி வந்து நானே கொழுவினேன். பாஸ் அழித்த அதே எண் மறுபடியும் வந்திருந்தது. அழிக்கவில்லை, வாசித்தேன். பிறகு அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று போனில் தேடினேன். கியர் மாற்றும் சொலினோயிட் ஒன்றின் மின்சுற்றில் பிழை என்றது. மின்சுற்றில் என்றுதான் சொன்னது. கியர்பொக்ஸ் செத்தது என்று எங்கேயும் சொல்லவில்லை.

கொஞ்சம் வாசித்ததும் விஷயம் எனக்கு வயல் மாதிரி விளங்கியது. ஓட்டோ கியர்பொக்ஸுக்குள் எண்ணெய் ஓடுகிறது. எண்ணெய் எந்த வழியால் போகிறதோ அதைப் பொறுத்து கியர் விழும். வழியைத் திறந்து மூடுவது சொலினோயிட் என்கிற விரல் அளவு மின் வால்வு. வட்டையில் தண்ணீர் பாய்ச்சும்போது எந்த வரம்பில் வக்கடையைத் திறக்க வேண்டும் என்று வட்டவிதானை உத்தரவு போடுவார். மண்வெட்டியோடு நிற்கிறவன் போய்த் திறப்பான். காருக்குள் உத்தரவு போடுவது கணினி, திறப்பது சொலினோயிட், உத்தரவைக் கொண்டு போவது வயர். வயல் காய்கிறதென்றால் மண்வெட்டிக்காரன் படுத்திருக்கலாம், அல்லது உத்தரவே அவனிடம் வந்து சேராமல் இருந்திருக்கலாம். பெரிய பாஸ் இரண்டையும் விசாரிக்காமல், வயலைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு வயல் போடச் சொல்கிறார்.

நெற்பயிர் மஞ்சளானால் எங்கள் ஆட்களும் இதைத்தான் செய்வார்கள். வேரில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, பூச்சியா, உப்பா என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. யூரியா மூட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கேனர் தந்தவள்தான் ஏறாவூரில் ஒரு வாகன வயர்காரரைச் சொன்னாள். போயா அன்று காலையில் புறப்பட்டேன். திங்கட்கிழமை என்பதால் கார் தன் முழுக் குரலையும் காட்டியது. டவுன் வரைக்கும் கத்தல், அங்கிருந்து ஏறாவூர் வரைக்கும் நாலாம் கியரில் இழுப்பு. பின்னேரம் ஓட்டமாவடித் தம்பி வருவார் என்ற நினைப்பு வழி முழுக்க என்னோடு வந்தது. உண்மையைச் சொன்னால் பயமாக இருந்தது.

வயர்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்தில் வயதுக்கு மூத்த முஸ்லிம் ஆட்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அடக்கம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள். நான் காரை விட்டு இறங்குவதற்குள் கிழக்கு மாகாணத்தில் தனக்கு நிகரான ஆள் இல்லை என்பதைச் சொல்லி முடித்துவிட்டார். கியர்பொக்ஸ் பாஸ்மார் மீது அவருக்குப் பரம்பரைப் பகை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"அவனுகளுக்கு வயர் எண்டா பயம். அதுக்காக நல்ல கியர்பொக்ஸ எல்லாம் கழட்டி எறியிறானுகள்," என்றார். பிறகு பிளேன்ரீ வரவழைத்து, காரைத் தொடாமல், என்னைத்தான் விசாரித்தார். "சூட்டிலயா வருது, குளிர்லயா?"

"ரெண்டிலயும் வருது காக்கா. திங்கக்கிழமைதான் கூட."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப ஞாயிறில என்ன நடக்குது?"

"ஒண்டுமில்ல. சேர்ச்சுக்குப் போவன். கிட்டத்தான்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வீட்டுல நிக்கும். கழுவுற."

"ம்," என்றார். பிளேன்ரீயைக் குடித்து முடித்தார்.

பட்டரியைக் கழற்றினார், காற்றுவடிப் பெட்டியைக் கழற்றினார், அதற்குக் கீழே கியர்பொக்ஸின் தோளில் இருந்த பிளக்கை இழுத்தார். மல்ரிமீற்றரை வைத்து கியர்பொக்ஸ் பக்கத்தை அளந்தார். எனக்குக் காட்டினார். எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு காட்டியது.

"பாத்தீங்களா மிஸ்? வால்வு சுகமாக் கிடக்கு. இதத்தான் செத்துப் போச்செண்டு அவன் மையத்துத் தொழ நிண்டிருக்கான்."

பிறகு வயர்ப் பக்கத்துப் பிளக்கை என் முகத்துக்கு நேரே திருப்பினார். உள்ளே ஊசிகள் இருந்த இடத்தில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தது. ஒன்றைச் சுரண்டி, விரல் நுனியில் எடுத்து, ஒரு வைத்தியரின் முகபாவத்தோடு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார். "இந்தக் காரக் கடல்ல இறக்கினீங்களா?"

"இல்ல காக்கா."

"அப்ப கடல் காருக்கு ஏறி வந்ததா?"

எனக்கு அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் அண்ணன் என் காரைக் கழுவுகிறார். நான் கேட்டதில்லை. அவரே வந்து சாவியை வாங்குவார். ஊரில் உழவு மெசின்களைக் கழுவும் வாவிக் கரைக்கு ஓட்டிப்போய், முன்சில்லு நனையும் வரை இறக்கி நிறுத்துவார். வயலுக்கு இறைக்கும் வோட்டர் பம்பை வாவிக்குள் போட்டு, குழாயைக் காருக்கு அடியில் பிடித்து, வட்டைச் சேறு ஒரு துளி இல்லாமல் அடிப்பார். இயந்திர மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு பிடி பிடிப்பார். மாரியில் அது கிட்டத்தட்ட நல்ல தண்ணீர்தான். மழை முடிந்து, வெட்டிவிட்ட முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறிய பிறகு, சித்திரைக்குள் வாவி உப்பாகிவிடும். இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத இரகசியமில்லை. அந்தத் தண்ணீரைத் தன் வெள்ளாமைக்கு அண்ணன் காட்டவும் மாட்டார். வரம்பு உடைந்து ஒரு கை உள்ளே வந்தாலும் ராத்திரித் தூக்கம் போய்விடும் அவருக்கு. என் காருக்கு மட்டும் பம்ப் போட்டு அடித்திருக்கிறார். உப்பு நீர் பிளக்குக்குள் நின்று, ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் மின்சாரத்தைக் குழப்பி, கிழமை நடுவில் காய்ந்து, சனிக்கிழமை மறுபடியும் நனைந்திருக்கிறது. நானும் ஒவ்வொரு சனியும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், சீனி தூக்கலாக.

காக்கா முதலில் அந்தப் பிளக்கை விலக்கிவிட்டு, வெளியால் ஒரு தனி வயரைக் கொழுவி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். ஒன்று. இரண்டு. பிறகு மூன்று. இரண்டாம் கியர் விழும்போது வரும் அந்தச் சின்ன அசைவை முதுகில் உணர்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. திரும்பி வந்ததும் அவர் பழைய பிளக்கை வெட்டி எறிந்து, பழைய வாகனம் ஒன்றிலிருந்து எடுத்த நல்ல பிளக்கைப் போட்டு, கிறீஸ் வைத்து மூடினார். கிழக்கு மாகாணத்தில் தன்னைவிட்டால் வேறு ஆளில்லை என்பதை மறுபடியும் சொன்னார். அந்த நேரத்தில் இலங்கை முழுக்க என்று சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கேற்றடியில் நின்றார். கார் சத்தமில்லாமல் வந்ததைக் கேட்டு முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏறுங்க," என்றேன்.

"எங்க?"

"ஓடிப் பாக்க. ஏறுங்க அண்ணன்."

செருப்பைத் தட்டி, சாரத்தை ஒதுக்கி, யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கதிரையில் இருப்பது போல நுனியில் இருந்தார். வயல் வீதியால் ஓட்டினேன். ஒவ்வொரு கியர் விழும்போதும் அவருடைய இடது கால் தரையை அமத்தியது, இல்லாத கிளச்சைத் தேடி. அவர் அதை அறியவில்லை.

"என்னவாம் பிழை?" என்றார்.

"உப்பு. வாவித் தண்ணி பிளக்குக்குள்ள போய் நிண்டிருக்கு. நீங்க பம்ப் போட்டு அடிச்ச தண்ணி."

"உழவு மெசினையும் அதிலதானே கழுவுற. அதுக்கு ஒண்டும் ஆகல்லையே."

"உங்கட மெசினுக்குள்ள கொம்பியூட்டர் இல்ல அண்ணன்."

"நான் வேணுமெண்டு செய்யல்ல."

"தெரியும்."

"அப்ப, இனிக் கழுவ வேணாமா?"

"வேணாம்."

நல்லதுக்குத்தானே சொன்னேன். ஆனால் அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆள் மாதிரிக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "கழுவவும் வேணாம். கூட்டிக்கொண்டு போகவும் வேணாம். நீ இதில ஏறிப் போனா, திரும்பி வாற மட்டும் எனக்கு உசிர் இல்ல புள்ள. முந்தி எண்டா நான் ஓட்டுவன். என்ன நடந்தாலும் ரெண்டு பேருக்கும்தான் எண்டு ஒரு ஆறுதல்."

காரை நிறுத்தினேன்.

"நடந்ததுதானே அண்ணன். ரெண்டு பேரும்தான் விழுந்த. கால் போனது எனக்கு மட்டும்."

இத்தனை வருடமாகப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த வசனம். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அவர் யன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த வயல், பார்க்க அதில் ஒன்றுமில்லை. "வீட்ட போவம்," என்றார். நான் திருப்பினேன்.

கேற்றடியில் ஓட்டமாவடித் தம்பி வந்து நின்றார். இஸ்திரி போட்ட சேட், கையில் ஒரு டோர்ச். கார் வந்து நின்றதும் முன்பக்கத்தைச் சுற்றி வந்து, காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"கியர்பொக்ஸ் போன கார் எண்டுதானே சொன்னீங்க? இது நல்லா ஓடி வருதே."

அண்ணன் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மற்றப் பக்கத்தால் இறங்கினேன். அண்ணன் இப்போதும் விற்கலாம் என்று சொல்வார், ஏதாவது ஒரு காரணம் வைத்திருப்பார், நான் சண்டை போட வேண்டும் என்று தயாராகத்தான் நின்றேன். வாயில் நாலு வசனம் ரெடியாக இருந்தது.

"இது விக்கிறதுக்கு இல்ல தம்பி," என்றார் அண்ணன்.

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க?"

"என்ட பிழைதான். நான்தான் பழுதாக்கின. அவ தானாத் தேடித் திருத்திற்றா. இனி அவதான் ஓட்டுவா."

இதைச் சொல்லும்போது அவர் காரைப் பார்க்கவில்லை. வந்தவரையும் பார்க்கவில்லை. என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.